குணமாக்கும் இடத்தை வரைவது யார்?

2011 மார்ச்சில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கிம்பர்லிப் பகுதியில் டர்க்கி கிரீக் ஓடை கரை புரண்டு, பூர்வகுடியினரான கிஜா மக்களின் வார்முன் ஊரை ஏறக்குறைய முழுவதுமாக மூழ்கடித்தது. வீடுகளோடு ஊரின் கலைக்கூடமும் போயிற்று. அங்கே சேர்த்து வைத்திருந்த காவிமண் ஓவியங்கள் சேற்றில் கிடந்தன. ஊராரை ஹெலிகாப்டரில் ஏற்றி, வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குனுனுராவில் தங்க வைத்தார்கள். ஓவியங்கள் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு வல்லுநர்களிடம் போய், செப்பனிடப்பட்டு, ஊர் திரும்பின. முதியவர்களை அப்படி அனுப்பி வைத்துத் திரும்ப வரவழைக்க முடியாது. பிறர் பராமரிப்பில் வாழ வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட கிஜா முதியவர் ஒருவர் வெளியூர் இல்லம் ஒன்றில் போய்த் தங்கினால், பேச்சுத்துணையும் நிலமும் சடங்கும் ஒரே நாளில் அவரைவிட்டு அகன்றுவிடும். ஊருக்கும் அதே இழப்புதான். எந்த இடத்தில் எந்தக் கதையைச் சொல்லலாம், எந்தப் பிள்ளைக்கு எப்போது எதைக் கற்றுத் தரலாம் என்பது அவர் தலைக்குள் இருக்கிறது.

ஊரைத் திரும்பக் கட்டியபோது எழுந்ததுதான் வலும்பா முதியோர் மையம். ஐரிடேல் பெடர்சன் ஹூக் என்ற பெர்த் நகரக் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. 2014இல் பணி முடிந்தது. தரையிலிருந்து ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில், தூண்களின்மேல் ஒரு பாலம்போல நிற்கிறது. இன்னொரு வெள்ளம் வந்தால் அடியில் ஓடிப் போகும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது இந்த உயரம்தான். ஆனால் கட்டடத்தின் அறிவு வேறு இடத்தில் இருக்கிறது. ஊரின் நடுவில், பள்ளிக்கூடத்தை ஒட்டி இடம் தேர்ந்தார்கள். பேரப்பிள்ளைகள் நடந்தே வந்துவிடுவார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள், தனித்தனி வழிகள். சடங்குக்கு இடம் உண்டு. உறவுமுறையால் நேருக்கு நேர் பார்க்கக் கூடாதவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ளாதபடி போக்குவரத்து அமைந்திருக்கிறது. யாராவது இறந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதும் வரைபடத்திலேயே யோசிக்கப்பட்டிருக்கிறது.

பெயர் முதியோர் மையம். பூர்வகுடிச் சமூகங்கள் நலமீட்பு மையம், பண்பாட்டு மையம் என்று எதைக் கேட்டு வருகின்றனவோ, அதன் இலக்கணம் பெரும்பாலும் இதில் இருக்கிறது. இப்படிப்பட்ட மையம் ஒன்றை வடிவமைப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் உருவத்திலிருந்து தொடங்குகிறது: வட்டமா, பாம்பா, பறவைச் சிறகா, எந்த நிற மண். தொடங்க வேண்டிய இடம் அதிகாரம் என்பது என் வாதம். யார் தீர்மானித்தார்கள், யாருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருந்தது, கட்டி முடித்தபின் சாவி யாரிடம், குழாய் பழுதானால் சரிசெய்யும் பணம் யார் கையில். உருவம் இதற்கெல்லாம் பின்னால் வருவது.

முதலில், ஆற்ற வேண்டிய காயம் எது என்று பார்க்க வேண்டும். ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை ஆஸ்திரேலிய அரசுகள் பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து விடுதிகளிலும் மிஷன்களிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தன. ரொனால்ட் வில்சனும் மிக் டாட்சனும் நடத்திய தேசிய விசாரணை, 1997இல் ‘பிரிங்கிங் தெம் ஹோம்’ என்ற அறிக்கையாக வந்தது. அந்தக் காலத்தில் மூன்றில் ஒரு குழந்தைக்கும் பத்தில் ஒரு குழந்தைக்கும் இடைப்பட்ட விகிதத்தில் பிரிக்கப்பட்டார்கள் என்று அது மதிப்பிட்டது. 54 பரிந்துரைகளை வைத்தது. பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13 அன்று. நலமீட்புப் பணிக்கென்றே ஒரு தேசிய அறக்கட்டளை 2009இல் அமைந்தது. இந்த வரிசையில் ஒரு புள்ளிவிவரம் மட்டும் கட்டடக் கலைஞர் எந்நேரமும் மேசைமேல் வைத்திருக்க வேண்டியது: காவலில் நேர்ந்த பூர்வகுடி மரணங்களை ஆராய்ந்து 1991இல் இறுதி அறிக்கை தந்த ராயல் கமிஷன் 99 சாவுகளை எடுத்துக்கொண்டது, அவர்களில் 43 பேர் குழந்தையாக இருந்தபோது குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். விடுதியில் தொடங்கிய வாழ்க்கை சிறை அறையில் முடிந்திருக்கிறது. இரண்டும் கட்டடங்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்தவை.

அந்தக் கட்டடங்களின் மொழி நமக்குத் தெரியாததல்ல. வரிசைக் கட்டில்கள், இரவில் வெளியிலிருந்து பூட்டும் ஒரே கதவு, எல்லோரையும் ஒரே பார்வையில் பார்க்கிற மேற்பார்வையாளர் அறை, நீண்ட நடைக்கூடம், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எழுத்தர். இன்றைய நகர மருத்துவமனையும் சமூகநல அலுவலகமும் இதே மொழியைத்தான் கொஞ்சம் வெளுத்த வண்ணத்தில் பேசுகின்றன. விடுதியில் வளர்ந்த ஒருவர் அப்படியொரு வாசலில் நின்று திரும்பிப் போய்விட்டால், ‘நோயாளி வரவில்லை’ என்று பதிவேட்டில் எழுதுவார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியிலேயே நின்று பார்த்துவிட்டு நுழைய முடிகிற தாழ்வாரம், உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிகிற இரண்டாவது வெளிவழி, கண்ணாடி இல்லாத தாழ்ந்த மேசை, கூரைக்கு வெளியே மர நிழலில் காத்திருக்கும் இடம் என்பவை அலங்காரச் சேர்க்கைகளாகத் தோன்றலாம். சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது. நியூ சவுத் வேல்ஸின் வில்கானியாவில், டார்லிங் ஆற்றங்கரையிலிருந்த பழைய மருத்துவமனையை விரிவாக்கும் பணியை மெரிமா என்ற குழு ஏற்றபோது, புதிய பகுதியை ஆற்றைப் பார்த்துத் திறந்து வைத்தது. மெரிமா 1995இல் மாநில அரசின் கட்டடத் துறைக்குள் உருவான பூர்வகுடி வடிவமைப்பாளர் குழு. பார்கின்ஜி மக்களுக்கு அந்த ஆறு உறவு. படுக்கையிலிருந்து ஆறு தெரிவதும் சிகிச்சையின் பகுதி என்று ஓர் அரசுக் கட்டடம் ஏற்றுக்கொண்டது சிறிய மாற்றமல்ல.

உலுரு பண்பாட்டு மையத்துக்கு வருவோம். பல கட்டுரைகளில் இது ஒரு பத்தியில் முடிந்துவிடும். நிதானமாகப் பார்க்க வேண்டிய கட்டடம் இது.

உலுரு பாறையின் நில உரிமை 1985 அக்டோபர் 26 அன்று அனாங்கு மக்களிடம் திரும்பியது. அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாக 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடம் விட்டார்கள். பூங்காவை நடத்தும் வாரியத்தில் அனாங்கு பெரும்பான்மை. சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு தகவல் மையம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அது தங்கள் சட்டத்தைச் சொல்லும் இடமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். ஜுக்குர்பா என்று அவர்கள் சொல்வது படைப்புக் கதைகள், நிலத்தின் வரைபடம், திருமண முறை, வேட்டை விதி, தண்டனை அனைத்தும் சேர்ந்தது. அதைக் கண்காட்சிப் பலகையில் எழுதி மாட்ட முடியாது.

மெல்பர்ன் கட்டடக் கலைஞர் கிரெகரி பர்ஜெஸும் நிலத்தோற்ற வடிவமைப்பாளர்களும் 1990இல் அருகிலுள்ள முட்டிஜுலு குடியிருப்புக்குப் போய் ஒரு மாத அளவில் தங்கினார்கள். வரைபலகையோடு கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கும் வழக்கம் அங்கே செல்லவில்லை. முதியவர்களோடு நிலத்தில் நடந்தார்கள். இடத்தை அனாங்கு தேர்ந்தார்கள். மணலில் விரலால் கோடு இழுத்து, இது இங்கே, அது அங்கே என்று காட்டினார்கள். அந்தக் கோடுகளிலிருந்துதான் தளவரைபடம் வளர்ந்தது. மணல் கோட்டுக்கு ஒரு குணம் உண்டு. உட்கார்ந்திருக்கும் யாரும் கையை நீட்டி அழித்துவிட்டு வேறு கோடு போடலாம். மேசையில் விரித்த அச்சிட்ட வரைபடத்தின்முன் அந்தத் துணிவு யாருக்கும் எளிதில் வராது. படித்தவர் வரைந்தது, நாம் தலையாட்டலாம் என்று தோன்றிவிடும். ஆலோசனை என்ற பெயரில் நடக்கும் கூட்டங்களில் மௌனத்தை ஒப்புதலாக எழுதிக்கொள்வது இப்படித்தான்.

1995இல், நிலம் திரும்பிய பத்தாம் ஆண்டில், மையம் திறக்கப்பட்டது. வளைந்து நெளியும் இரண்டு கட்டடங்கள் ஒரு வெளியைச் சுற்றி எதிரெதிரே கிடக்கின்றன. ஒன்று குனியா, மலைப்பாம்புப் பெண். மற்றது லிரு, நச்சுப்பாம்பு. உலுருவின் தென்புறத்தில் நடந்த அவர்களின் போர்க் கதையில், வெளியாருக்குச் சொல்லலாம் என்று அனாங்கு அனுமதித்த பகுதி மட்டும் இங்கே உருவம் பெற்றிருக்கிறது. சுவர்கள் அங்கேயே செய்த மண் கற்களால் ஆனவை. உள்ளே நுழைபவர் முதலில் ஜுக்குர்பாவைச் சொல்லும் பகுதியைக் கடந்துதான் மற்றத் தகவல்களுக்குப் போக முடியும். அனாங்கு மக்களின் சொந்தக் கலைக்கூடங்களான மருக்குவும் வால்கஜராவும் இதே வளாகத்தில் இருக்கின்றன; விற்பனைப் பணம் கைவினைஞருக்குப் போகிறது.

இந்த மையத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. கேமராவோடு உலகம் முழுதிலுமிருந்து வருகிற கூட்டத்துக்காகக் கட்டிய இடத்தில் இப்படியொரு விதி. பாம்பு வடிவக் கூரையைவிட, மண் சுவரைவிட, இந்த மறுப்பைத்தான் அந்த வடிவமைப்பின் சிறந்த பகுதி என்பேன். பார்க்கலாம், கேட்கலாம், எடுத்துக்கொண்டு போக முடியாது. நூறாண்டுகளுக்கு மேலாக அவர்களின் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் உருவப்படங்களையும் கேளாமல் எடுத்துப் போனவர்களிடம், தங்கள் கூரையின்கீழ் முதல்முறையாக அவர்கள் விதி சொல்கிறார்கள். பாறைமேல் ஏற வேண்டாம் என்று இதே மக்கள் பல்லாண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2019 அக்டோபர் 26 அன்று ஏறும் வழி நிரந்தரமாக மூடப்பட்டது.

உருவத்தைப் பற்றி இங்கே கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. விக்டோரியாவின் கேரிவெர்ட் மலையடிவாரத்தில் பர்ஜெஸ் வடிவமைத்து 1990இல் திறந்த பிரம்புக் மையத்தின் கூரை விரித்த காக்கட்டூச் சிறகை நினைவூட்டும். அந்த ஆண்டின் ஸர் ஸெல்மன் கௌவன் விருதைப் பெற்றது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கரிஜினி தேசியப் பூங்காவில் 2001இல் வந்த பார்வையாளர் மையம், நிலத்தில் நகரும் உடும்பை மனத்தில் வைத்து, துருவேறிய எஃகுச் சுவர்களால் அமைந்தது. இவை கவனமாகச் செய்த வேலைகள். அந்தந்த மக்களோடு பேசி உருவானவை. ஆனால் இவற்றைப் பார்த்தவர்கள் ஒரு சூத்திரத்தைக் கற்றுக்கொண்டார்கள்: பூர்வகுடிக் கட்டடம் என்றால் ஒரு விலங்கைத் தேர்ந்துகொள், அதைத் தளவரைபடமாக்கு. விமானத்திலிருந்து பார்த்தால் ஆமை. தரையில் நிற்பவருக்கு வளைந்த நடைக்கூடம், மூலைகளில் வைக்க முடியாத மேசைகள். எந்த விலங்கு யாருடைய கதைக்குரியது, அதை வரைய யாருக்கு உரிமை, பக்கத்து மக்களின் கதையில் அது பகையா என்ற கேள்விகளெல்லாம் போட்டி அறிவிப்பின் காலக்கெடுவில் காணாமல் போகும். பல மக்கள் சேர்ந்து பயன்படுத்தும் மையத்தில் ஒரு குலத்தின் விலங்கு கூரையேறினால், மற்றவர்கள் வாசலிலேயே விருந்தாளியாகிவிடுகிறார்கள். உருவம் கடைசியில் வரட்டும். வராமல் போனாலும் பெரிய இழப்பில்லை.

வராமல் போனால் இழப்பாகிற சங்கதி உறவுமுறை. ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சமூகங்கள் பலவற்றில், ஆணும் அவனுக்கு மாமியார் முறையாகும் பெண்ணும் நேரே பேசக் கூடாது. ஒரே அறையில் எதிரெதிரே உட்காரக் கூடாது. பார்வை படுவதைக்கூடத் தவிர்ப்பார்கள். மாப்பிள்ளை திண்ணையில் உட்கார்ந்திருந்தால் கொல்லை வழியாகப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று பேசிய மாமியார்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் சாயல் பிடிபடும், அங்கே அது இன்னும் பன்மடங்கு கண்டிப்பானது என்றாலும். ஒப்புமை மேலோட்டமானதும் அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் காரியெரா மக்களின் உறவுமுறையை ராட்கிளிஃப் பிரௌன் 1913இல் விவரித்த காலம்தொட்டு, மாமன் மகளையும் அத்தை மகளையும் மண உறவில் வைக்கும் நம் திராவிட முறையோடு அதை அருகருகே வைத்து மானுடவியலாளர்கள் விவாதித்து வருகிறார்கள்.

இப்போது ஒரு சாதாரண மருத்துவக் காத்திருப்பு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கதவு, சுவரோரம் வரிசையாக எதிரெதிர் நாற்காலிகள். மருமகன் முறையுள்ளவர் உட்கார்ந்திருக்கிறார். மாமியார் முறையுள்ளவர் காய்ச்சலோடு வருகிறார். யாராவது ஒருவர் எழுந்து போயாக வேண்டும். போகிறவர் நோயோடு போகிறார். இரண்டு நுழைவாயில், முதுகு காட்டி உட்காரக்கூடிய இருக்கை அமைப்பு, நடுவில் ஒரு மரமோ தட்டியோ, வெளியே இரண்டு தனித்தனி நிழல்கள்: செலவு மிகக் குறைவு. ஆனால் வரைபடம் கையெழுத்தாகும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். சுவர் எழுந்தபின் கதவு வெட்டுவதற்கு யாரும் நிதி தரமாட்டார்கள். ஆண்கள் விவகாரம், பெண்கள் விவகாரம் என்று அங்கே பிரித்துச் சொல்லும் அறிவுத்துறைகளுக்கும் இதே கதி. பெண்களின் சடங்கு அறிவு தொடர்பான பொருள்கள் இருக்கும் அறை, ஆண்கள் நடந்து போகும் பாதையை ஒட்டி இருந்தால், அந்த அறை பூட்டியே கிடக்கும்.

சாவும் வரைபடத்துக்குள் வர வேண்டும். அங்கே ‘சாரி பிசினஸ்’ என்று சொல்லும் துக்க காலத்தில் தொலைதூர ஊர்களிலிருந்து நூற்றுக்கணக்கான உறவினர் வந்து, நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் தங்குவார்கள். அவர்கள் படுக்க, சமைக்க, நெருப்பு மூட்ட, தனித்தனிக் குழுக்களாக உட்கார இடம் வேண்டும். பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சொல்லமாட்டார்கள், படத்தைக் காட்டமாட்டார்கள். மதிப்புக்குரிய முதியவர் ஒருவரின் பெயரைக் கல்லில் பொறித்து மண்டபத்துக்குச் சூட்டும் நம் வழக்கம் அங்கே சில ஆண்டுகளில் அந்த மண்டபத்தையே பேச முடியாததாக்கிவிடக்கூடும். சுவர்ப் படங்களை மூடவோ எடுத்து வைக்கவோ வழி இருக்க வேண்டும். இறப்பு நேர்ந்த அறைக்குப் புகையிட்ட பிறகே மற்றவர்கள் அதற்குள் போவார்கள். இங்கே மிகச் சிறிய ஒரு பொருள் குறுக்கே நிற்கிறது, கூரையிலிருக்கும் புகை உணரி. யூகலிப்டஸ் இலைப் புகை எழுந்ததும் அலறுகிறது. ஊருக்கு வெளியேயுள்ள தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போகிறது. அந்த ஓர் அறையின் உணரியை மட்டும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் தனிச் சுற்று, புகை வெளியேற உயரத்தில் திறப்பு, அதை இயக்கும் அதிகாரம் ஊர்க்காரர் ஒருவரிடம் என்று மின்வரைபடத்தில் எழுதி வைத்தால் சடங்கு நடக்கும். எழுதாவிட்டால், ஒவ்வொரு சாவுக்கும் நிர்வாகியிடம் விண்ணப்பம் போட்டு நிற்க வேண்டும்.

இனி நீர்க்குழாய்க்கு வருகிறேன். பண்பாட்டு மையம் பற்றிய கட்டுரையில் குழாய்க்கு என்ன வேலை என்று தோன்றலாம். 1985இல், தென் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையிலுள்ள அனாங்கு பித்ஜன்ஜத்ஜாரா நிலங்களில், நங்கனம்பா சுகாதார மன்றத்தின் இயக்குநராக இருந்த யாமி லெஸ்டர் மூன்று பேரை அழைத்தார்: கட்டடக் கலைஞர் பால் பொலெரோஸ், மருத்துவர் பால் டோர்சில்லோ, சுற்றுச்சூழல் சுகாதாரம் அறிந்த ஸ்டீஃபன் ரைனோ. லெஸ்டர் கண் பார்வை இழந்தவர். 1950களில் மராலிங்கா, எமு வட்டாரங்களில் பிரிட்டன் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளின் கரும்புகை தன் ஊர்மேல் வந்ததைச் சிறுவயதில் கண்டவர், பிற்காலத்தில் அதற்காகப் போராடியவர். மருந்து கொடுக்கிறோம், நோய் திரும்ப வருகிறது. மக்கள் நோயுறாமல் தடுக்க வழி சொல்லுங்கள் என்பதுதான் அவர் வைத்த வேலை.

மூவரின் 1987ஆம் ஆண்டு அறிக்கை ஒன்பது வாழ்வு வழக்கங்களை வரிசைப்படுத்தியது. முதலாவது, உடலைக் கழுவுவது, முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை. அடுத்து துணி துவைப்பது, கழிவுநீர் வெளியேறுவது, சமைப்பது என்று போகும். பின்னர் ஹெல்தாபிடாட் என்ற அமைப்பாக வளர்ந்த இந்த முயற்சியில், ஆஸ்திரேலியா முழுக்க ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்தபோது, ஒழுங்காக வேலை செய்யும் ஷவர் மூன்றில் ஒரு வீட்டில்தான் இருந்தது. ‘கொடுத்ததை உடைத்துவிடுகிறார்கள்’ என்பது நகரங்களில் சுற்றும் பேச்சு. பழுதுகளை எண்ணியபோது ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம் வழக்கமான பராமரிப்பு இல்லாமை; 20 சதவீத அளவு முதலிலேயே தவறாகக் கட்டியது; குடியிருப்பவர்கள் சேதப்படுத்தியது 10 சதவீதத்துக்கும் குறைவு. பாலைநிலத்துக் கடின நீர் வெந்நீர்க் கலனின் கம்பியில் உப்பாய்ப் படியும். குழாயின் வளையம் தேயும். ஒரு வடிகுழாய் எங்கும் இணைக்கப்படாமல் மண்ணுக்குள் முடிந்திருக்கும். அவர்களின் நடைமுறை விதி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: சோதிக்கப் போகும் முதல் நாளே பழுது பார்க்கும் வேலையும் தொடங்க வேண்டும். கருவிப்பெட்டி இல்லாத கணக்கெடுப்பு இல்லை. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊரின் பூர்வகுடியினர்.

நலமீட்பு மையத்துக்கு இதிலிருந்து நேரான பாடம் உண்டு. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார், விருதுக்குழு வரும். மூன்றாம் ஆண்டில் குளிரூட்டி நின்றுபோனால் பழுதுபார்ப்பவர் 400 கிலோமீட்டர் தள்ளி இருப்பார். ஊரிலேயே ஒருவர் கழற்றி மாட்டக்கூடிய குழாய், எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் உதிரிபாகம், இயந்திரமே இல்லாமல் குளிரவைக்கும் ஆழமான தாழ்வாரம், மண் சுவர், பராமரிப்புக்கென்று முதல் நாளிலேயே ஒதுக்கி வைத்த பணம். அந்த மக்களுக்கு மரியாதை இவற்றின் வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. பழுதான கழிப்பறையோடு நிற்கும் அழகான பண்பாட்டு மையம், வந்தவரை மறுபடியும் அவமதிக்கிறது.

கட்டடக் கலைஞரே இல்லாமல் உருவான ஒரு மையத்தையும் சொல்ல வேண்டும். மேற்குப் பாலையின் பின்டுபி மக்களிடம் சிறுநீரக நோய் பரவியபோது, டயாலிசிஸுக்காகக் கின்டோர் ஊரிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போய், திரும்ப வழியின்றி அங்கேயே தங்க நேர்ந்தது. பலர் ஊருக்குப் போய்ச் சாகலாம் என்று சிகிச்சையையே விட்டார்கள். கின்டோரிலும் கிவிர்குராவிலும் இருந்த ஆண்களும் பெண்களும் சேர்ந்து பெரிய ஓவியங்களை வரைந்தார்கள். 2000இல் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் நடந்த ஏலத்தில் 10 லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அவர்களின் தலைமையிடம் புறநகர்த் தெரு ஒன்றிலுள்ள ஒரு சாதாரண வீடு. ஊதா நிறச் சுவரால் பர்ப்பிள் ஹவுஸ் என்ற பெயர் நிலைத்தது. முற்றத்தில் நெருப்பில் கங்காரு வால் சுடுவார்கள். மூலிகைத் தைலம் காய்ச்சுவார்கள். முதியவர்கள் டயாலிசிஸ் முடித்துவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். இயக்குநர் குழு அவர்களுடையது. எந்த ஊருக்கு அடுத்த இயந்திரம் என்று தீர்மானிப்பதும் அவர்கள்தான். இன்று பத்துக்கும் மேற்பட்ட தொலைதூர ஊர்களில் அவர்களின் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. ஊதா நிற லாரி ஒன்று மற்ற ஊர்களைச் சுற்றி வருகிறது. நலமீட்பு மையம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிற மாணவர்களை நான் முதலில் இந்த வீட்டைப் பற்றிப் படிக்கச் சொல்வேன்.

தொழில்முறை இவற்றிலிருந்து மெல்லக் கற்றுக்கொண்டு வருகிறது. நியூ சவுத் வேல்ஸ் அரசுக் கட்டடக் கலைஞர் அலுவலகம் 2020இல் வரைவாகவும் 2023இல் முழு வடிவிலும் வெளியிட்ட ‘கனெக்டிங் வித் கன்ட்ரி’ நெறிமுறை, எந்தக் கட்டுமானமும் அந்த நிலத்துக்குரியவர்களோடு தொடங்க வேண்டும் என்கிறது. மெரிமாவில் தொடங்கிய டிலன் கோம்புமெரிதான் அதன் முதன்மை ஆக்குநர். நெறிமுறை நல்லது, ஒப்பந்தம் அதைத் தோற்கடித்துவிடும். அரசு நிதி ஓராண்டுக் கணக்கில் வருகிறது. ஜூன் முடிவதற்குள் செலவழிக்க வேண்டும். மணலில் கோடு போட்டுப் பேசும் காலத்துக்குக் கட்டணப் பட்டியலில் தனித் தலைப்பு கிடையாது. முதியவர்கள் பல நாள் உட்கார்ந்து தரும் அறிவுக்கு ஒரு கப் தேநீரும் ரொட்டியும் கொடுத்து அனுப்பிவிட்டு, அதையே கட்டடக் கலைஞர் தன் கட்டணத்தில் விற்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஆலோசகருக்கு என்ன நாட்கூலியோ அதுவே முதியவருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். சொன்ன கதையும் உருவமும் யாருடைய உடைமை என்றும், இந்த ஒரு கட்டடத்துக்கு அப்பால் அதை எங்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் எழுதலாம். பாதி வரைந்தபின் நிறுத்தச் சொல்லும் உரிமையையும் எழுதலாம். இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை.

இத்தனையும் ஒன்றாக நெருக்கும் ஓர் இடம் நியூ சவுத் வேல்ஸின் கெம்ப்ஸிக்கு அருகே, மக்ளே ஆற்றங்கரையில் இருக்கிறது. கின்செலா சிறுவர் விடுதி 1924 முதல் 1970 வரை இயங்கியது. 400 முதல் 600 வரை பூர்வகுடிச் சிறுவர்கள் அங்கே வளர்க்கப்பட்டார்கள். உள்ளே வந்ததும் பெயரை எடுத்துவிட்டு எண் கொடுத்தார்கள். வளாகத்தில் ஓர் அத்தி மரம் உண்டு. தண்டனையாகச் சிறுவர்களை அதில் சங்கிலியால் கட்டினார்கள். விடுதி மூடியபின், அதே கட்டடங்களில் பல்லாண்டுகள் பெனலாங்ஸ் ஹேவன் என்ற பூர்வகுடிப் போதை மறுவாழ்வு இல்லம் நடந்தது. 2012இல் மாநில மரபுச்சின்னப் பட்டியலில் இடம் சேர்ந்தது. அங்கே வளர்ந்தவர்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பை நிறுவி, அந்த வளாகத்தையே அருங்காட்சியகமாகவும் நலமீட்பு மையமாகவும் ஆக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

அடித்த இடத்திலேயே ஆற்றுவது எப்படி என்பதற்கு வெளியாரிடம் விடை கிடையாது. படுக்கைக்கூடத்தை அப்படியே வைத்திருப்பதா, சுவரை மட்டும் நிறுத்திக் கூரையை எடுப்பதா? அத்தி மரத்தடிக்குப் பார்வையாளர் போகலாமா, அல்லது அது உள்ளே வாழ்ந்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டுமா? ஒரு மகள் தன் தந்தை படுத்த கட்டில் எங்கே இருந்தது என்று தேடி வந்தால், பள்ளி மாணவர் கூட்டம் ஒன்று அதே கதவால் நுழைந்துகொண்டிருக்கலாமா? போதை மறுவாழ்வுக்கு வந்து, இதே வளாகத்தில் குணமானவர்களின் நினைவு எங்கே நிற்கும்? இரவில் தங்க அறை வேண்டுமா, அல்லது அந்த நிலத்தில் யாரும் இனித் தூங்கக் கூடாதா? ஒவ்வொன்றும் தளவரைபடத்தில் ஒரு கோடாகத்தான் விழும். கட்டடம் எழும்வரை காத்திராமல், அவர்கள் ஒரு பேருந்தை நடமாடும் கல்வி மையமாக்கிப் பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் போய்த் தங்கள் கதையைத் தாங்களே சொல்லி வருகிறார்கள்.

அந்தச் சிறுவர்களில் உயிரோடிருப்பவர்கள் இன்று முதியவர்கள். நில உரிமை, அனுமதி, நிதி என்று ஓராண்டு தள்ளிப்போனால், மேற்சொன்ன கேள்விகளுக்கு விடை சொல்லும் உரிமையுள்ளவர்களில் சிலர் இல்லாமல் போவார்கள். ஆகவே இம்மாதிரி மையத்துக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் டாலர் அஸ்திவாரத்துக்கோ மாதிரி வடிவத்துக்கோ போகக் கூடாது. அவர்களை ஒன்றாக அந்த நிலத்துக்கு அழைத்துவர, தங்க வைக்க, அவர்கள் சொல்லும் வேகத்தில் வளாகத்தைச் சுற்றி நடக்க, அவர்கள் வேண்டாம் என்று காட்டும் ஒவ்வொரு இடத்தையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ள அது செலவாக வேண்டும்.